கெண்ட் நாட்டில் யாரோ ஒரு அரசன்

சண்டையில் கிளிநொச்சியை விட்டு எல்லாரும் ஓடிய பிறகு நானும் அப்பாவும் முள்ளியவளைப் பக்கம் வந்து, ஒரு தென்னங்காணிக்குள் கொட்டில் போட்டு இருந்தோம். அம்மா அதற்கு முன்பே மலேரியாவில் போய்விட்டார். நான் தொண்டர் ஆசிரியையாக ஆங்கிலம் படிப்பித்தேன். எங்கள் பள்ளிக்கூடமும் எங்களோடு இடம்பெயர்ந்து வந்திருந்தது. காலையில் ஊர்ப் பிள்ளைகள் படிப்பார்கள். அவர்கள் போன பிறகு அதே வாங்குகளில் எங்கள் பிள்ளைகள் வந்து இருப்பார்கள்.

அந்த வருடம் ஆங்கில தினப் போட்டிக்கு நாடகம் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வழக்கமாக எல்லாப் பள்ளிக்கூடங்களும் போடுகிற நாடகங்கள் இரண்டு மூன்று இருந்தன. நடுவர்களுக்கே அவை மனப்பாடம். எனக்கு அவற்றைத் தொடவே மனம் வரவில்லை. வேறு ஏதாவது கிடைக்குமா என்று பள்ளிக்கூட அலுமாரியைக் கிளறினேன். உழவு இயந்திரப் பெட்டியில் மழை நனைந்து வந்த அலுமாரி அது. உள்ளே இருந்த புத்தகங்களில் பாதி ஒட்டிப் பலகைபோல ஆகியிருந்தன. பிரிக்கக்கூடியதாக இருந்தவற்றில் ஒன்று, அட்டை போன பழைய இங்கிலாந்துச் சரித்திரப் புத்தகம்.

அதில்தான் அந்த அரசனைக் கண்டேன். இங்கிலாந்துக்கு இங்கிலாந்து என்று பெயர் வருவதற்கு முந்திய காலம். ஆங்கிலோ சாக்சன்கள் என்று பின்னால் சொல்லப்பட்ட கூட்டங்கள் வடக்குக் கடலைத் தாண்டி வள்ளங்களில் வந்து இறங்கி, ஆளுக்கொரு துண்டு நிலத்தைப் பிடித்து அரசாண்டார்கள். கெண்ட் என்பது அதில் ஒரு துண்டு. அங்கே இருந்த அந்த அரசனைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு பந்திக்கு மேல் இல்லை. அவன் செய்த போர் எதுவும் தெரியாது. அவன் பேசிய ஒரு சொல்கூட எங்கும் பதியப்படவில்லை. வம்ச வரிசை ஒன்றில் இன்னாரின் மகன், இன்னாரின் தகப்பன் என்று பெயர் வருகிறது, அவ்வளவுதான். அவனுடைய மகன் பெரிய அரசனானான். இந்த அரசன் தன் மகளைப் பக்கத்து நாட்டு அரசனுக்குக் கட்டிக்கொடுத்தான். அவளுடைய பிள்ளை பிறகு அந்த நாட்டை ஆண்டான். மகனுக்கு எடுத்த பெண்ணோ கடலுக்கு அப்பால் பிராங்கியர் நாட்டு இளவரசி. கிறிஸ்தவ வேதக்காரி. மாப்பிள்ளை வீட்டார் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள். தன் சமயத்தை விடமாட்டேன், கும்பிடுவதற்குத் தன் ஆயரையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்ற நிபந்தனையோடுதான் அவளை அனுப்பினார்களாம். அவள் நாட்டில் அந்தக் காலத்தில் சரித்திரம் எழுதிய ஆயர் ஒருவர், மாப்பிள்ளையைக் கெண்டில் யாரோ ஒரு அரசனின் மகன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தகப்பனின் பெயரை விசாரிக்க அவருக்கு நேரமில்லை.

அந்தப் பந்தியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வம்ச வரிசை. அந்த அரசனின் பூட்டன்தான் முதன்முதல் வள்ளத்தில் வந்து இறங்கியவன் என்று அதில் இருந்தது. என் அப்பாவின் பூட்டனும் வள்ளத்தில் வந்தவர்தான். இராமநாதபுரம் பக்கமிருந்து மன்னாரில் இறங்கி, இதே வன்னிக் காட்டுக்குள்ளால் மலைநாட்டுத் தோட்ட வேலைக்கு நடந்துபோனவர். கூட வந்தவர்களில் பாதிப்பேர் வழியில் காய்ச்சலில் செத்தார்கள் என்று அப்பா சொல்லுவார். எழுபத்தேழு கலவரத்தில் தோட்டத்து லய வீடு எரிந்தபோது, கைக்குழந்தைப் பருவம் தாண்டாத என்னைத் தூக்கிக்கொண்டு அப்பா கிளிநொச்சிக்கு வந்தார். காடு வெட்டினார். கிணறு வெட்டினார். எல்லாம் செய்தும் நாங்கள் இன்னும் இந்தியாக்காரர்தான். அங்கே மட்டும் நாலாம் தலைமுறைக்காரன் அரசன். எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. பிடிபடாததால் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இந்த அரசனைத்தான் மேடையேற்றுவது என்று முடிவெடுத்தேன்.

எழுதுவதற்குத் துணை வந்தவர் எங்கள் கணித ஆசிரியர். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த கத்தோலிக்கர். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். அந்த வீட்டில் பள்ளிக்கூடம் பக்கம் வந்தவர் அவர் ஒருவர்தான். புத்தகத்தை வாங்கி வாசித்துவிட்டுக் கேட்டார்.

“டீச்சர், இந்த ராசா ஒண்டுமே கதைக்கேல்லையே. மேடையில ஏத்தி என்ன செய்யப் போறியள்?”

“அதுதான் சேர் வசதி. நாங்கள் எழுதுறதுதான் அவற்ற கதை.”

அவர் சிரித்தார். மாமரத்தின் கீழ் கதிரைகளைப் போட்டுக்கொண்டு, பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினோம். இளவரசியின் தூதர்கள் வந்து நிபந்தனை சொல்கிற கட்டம்தான் நாடகத்தின் உயிர். மந்திரிமார் எல்லாரும் முடியாது என்கிறார்கள். அரசன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவள் தன் கடவுளையும் கொண்டு வரட்டும். என் வீட்டில் இடம் இருக்கிறது” என்று சொல்கிறான். ஆங்கிலத்தில் அது சின்ன வசனம். அதை எழுதியவர் அவர். நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அரசன் வேடத்துக்குப் பத்தாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளையை எடுத்தேன். அவளும் மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம். தாய் வயல் வேலைக்குப் போகிறவர். பிள்ளைக்கு நல்ல உயரம். கடைசி வாங்கில் இருந்து வாசித்தாலும் வெளியே கிணற்றடிக்குக் கேட்கிற குரல். பாடமாக்கச் சொன்ன அடுத்த நாளே தன்னுடைய வசனத்தோடு தூதர்களின் வசனத்தையும் சேர்த்துச் சொன்னாள்.

ஒரு கிழமைக்குள் பள்ளிக்கூட அதிபர் என்னைக் கூப்பிட்டார். அவருடைய மேசைக்கு முன்னால் பெற்றோர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். ஊரில் மரியாதையான ஆள். அவருடைய மகள் நாடகத்தில் இளவரசியின் தோழியாக வந்தாள்.

அதிபர் தொண்டையைச் செருமினார். “டீச்சர், ராசாவுக்கு வேற பிள்ளையளைப் பாத்தனீங்களோ?”

“பாத்தனான் சேர். இவள்தான் பொருத்தம்.”

வந்தவர் என்னைப் பார்க்காமல் அதிபரைப் பார்த்துச் சொன்னார். “ராசா வேசத்துக்கு ஒரு நல்ல இடத்துப் பிள்ளையைப் போட்டால் என்ன? என்ர பிள்ளை அவளுக்கு முன்னால முழங்காலில நிக்கவேணுமாம். வீட்டில எல்லாருக்கும் ஒரு மாதிரிக் கிடக்கு.”

நான் அவர் பக்கம் திரும்பினேன். “ஐயா, அந்த ராசா எந்த இடத்துப் பிள்ளை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?” என்று கேட்டேன்.

“அது வெள்ளைக்காரன்தானே.”

“ஓம். ஆனால் அந்த மண்ணில அவன் வந்தேறி. அவன்ர பூட்டன் வள்ளத்தில வந்து இறங்கினவன். அங்க முந்தியே இருந்த சனம் அவையளைக் கள்ளர் எண்டுதான் சொன்னது. உண்மையாய்ப் பாத்தால் எங்கட ஆக்கள்தான் அந்த வேசத்துக்குச் சரியான ஆக்கள். நாங்கள் ஒருத்தற்ற நாட்டையும் பிடிக்கேல்லை எண்டதுதான் வித்தியாசம்.”

எங்கட ஆக்கள் என்று நான் சொன்னதும்தான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கிளிநொச்சியில் வளர்ந்த என் பேச்சில் மலைநாடு தெரியாது. நான் யார் என்று அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை.

“அவளை மாத்துறதெண்டால் என்னையும் மாத்துங்கோ சேர். வேற ஆரும் இங்கிலிஸ் படிப்பிக்கிற ஆள் இருந்தால் நாளைக்கே வரச்சொல்லுங்கோ” என்று அதிபரிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். அப்படி ஓர் ஆள் சுற்றுவட்டாரத்தில் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதிபர் நல்ல மனிதர். சண்டைக்குப் பயந்தவர், அவ்வளவுதான். “சரி சரி, பிள்ளையளை நல்லாப் பழக்குங்கோ” என்றார். வந்தவரும் தன் மகளை நாடகத்திலிருந்து நிறுத்தவில்லை. நிறுத்தவிடாமல் அந்தப் பிள்ளை வீட்டில் சாப்பிடாமல் கிடந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போட்டி புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் நடந்தது. மேலே தென்னங்கிடுகு, சுற்றிவரத் தறப்பாள். அரசனின் மணிமுடியைப் பால்மாத் தகரப் பேணியை வெட்டிச் செய்திருந்தோம். பேணியின் உட்பக்கம் பொன்போல மினுங்கியது. அப்பாவும் வந்திருந்தார். ஆங்கிலம் அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் சலவை வேட்டி கட்டி வந்து நடுவரிசையில் இருந்தார்.

தூதர்கள் நிபந்தனையைச் சொல்லி முடித்துவிட்டார்கள். மந்திரிமார் மறுத்துவிட்டார்கள். அரசன் பேசாமல் இருக்கிற அந்த நேரத்தில் கிபிர் விமானத்தின் இரைச்சல் கேட்டது. யாரோ ஒருவர் “பங்கருக்குள்ள ஓடுங்கோ!” என்று கத்த, கொட்டகை முழுவதும் எழுந்து ஓடியது. நான் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பதுங்குகுழிக்குள் இறக்கினேன். தூரத்தில் இரண்டு தரம் குண்டு விழுந்து வெடித்தது. மண் கழுத்துக்குள் கொட்டியது. இளவரசியாக வந்த பிள்ளை அழுதாள். அரசன் அவளைத் தன் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முடி கழன்று விழாமல் மற்றக் கையால் பொத்திக்கொண்டு இருந்தாள்.

விமானம் போனதும் வெளியே வந்தோம். நடுவர்களில் ஒருவர் போட்டியை இன்னொரு நாளைக்கு வைக்கலாம் என்றார். நான் பதில் சொல்வதற்குள் அரசனாக வந்த பிள்ளை மேடையில் ஏறிவிட்டாள். முகமெல்லாம் மண். சட்டையில் மண். மற்றப் பிள்ளைகளும் அவளுக்குப் பின்னால் ஏறி, விட்ட இடத்தில் போய் நின்றார்கள். ஓடிய சனம் திரும்பி வந்து இருக்கும்வரை அவள் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த வசனத்தைச் சொன்னாள். கொட்டகை முழுவதும் கை தட்டியது.

இரண்டாம் இடம் கிடைத்தது. முதலிடம் எல்லாருக்கும் மனப்பாடமான நாடகம் ஒன்றுக்குப் போனது. அரசனை ஒரு பெண்பிள்ளை நடித்தது பொருத்தமில்லை என்று ஒரு நடுவர் சொன்னாராம். நான் போய் அவரிடம் சண்டை பிடித்தேன். முடிவு மாறவில்லை. சண்டை பிடித்ததற்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை.

அன்று திரும்பும்போது அப்பா ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். நானும் கணித ஆசிரியரும் மற்றச் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தோம். மணல் ஒழுங்கை, மிதிக்க முடியாது. அவர் திடீரென்று நின்றார்.

“டீச்சர், நான் ஒண்டு கேக்கலாமோ?”

“கேளுங்கோ.”

“எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. உங்களைக் கலியாணம் கட்ட விருப்பம்.”

நான் எதிர்பார்க்காத கேள்வி என்று சொன்னால் பொய். மாமரத்தின் கீழ் இருந்து எழுதிய நாட்களில் நானும் அதை நினைத்திருந்தேன். அதனால் பதிலும் தயாராக இருந்தது.

“எனக்கும் விருப்பம்தான். ஆனால் நான் வேதத்துக்கு மாறமாட்டன். கோயிலுக்குப் போறதை விடமாட்டன். என்ர அப்பா ஆர், எங்க இருந்து வந்தவர் எண்டதை ஒருத்தருக்கும் மறைக்கமாட்டன். இவ்வளவுக்கும் சம்மதமெண்டால் உங்கட வீட்டில கேளுங்கோ.”

“அந்த இளவரசியின்ர நிபந்தனை மாதிரிக் கிடக்கு.”

“ஓம். அவளுக்கு ஒரு ஆயரையும் கூட்டிக்கொண்டு வர விட்டவை. நான் அதைக்கூடக் கேக்கேல்லை.”

அவர் சம்மதம் என்றார். அவருடைய தாயார் சம்மதிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அவா எங்கள் கொட்டிலுக்கு வந்தார். கையில் செபமாலை. கடற்கரையில் சூடை கருவாடு காயவைத்துக் கருத்த, உரமான மனுசி. நான் கதிரையைத் துடைத்துப் போட்டேன். அவா இருக்கவில்லை.

“பிள்ளை, நான் உன்னில குறை சொல்ல வரேல்லை. நீ படிச்ச பிள்ளை. ஆனால் சைவம், அதோட தோட்டக்காடு. எங்கட சனத்துக்கு நான் என்ன சொல்லுறது? ஞானஸ்நானம் எடு. எடுத்தால் மற்றதைப் பற்றி ஆரும் கதைக்காமல் நான் பாத்துக்கொள்ளுறன்.”

“அம்மா, மற்றதைப் பற்றிக் கதைக்கிறதில எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. நீங்கள் மூடி வைக்கத் தேவையில்லை.”

“அப்ப மாறமாட்டியோ?”

“மாட்டன்.”

“என்ர பிள்ளை மாறவேணுமெண்டு கேப்பியோ?”

“அதுவும் கேக்கமாட்டன். அவர் பூசைக்குப் போகட்டும். நான் பொங்கல் பொங்குவன்.”

அவா செபமாலையைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டார். தேத்தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார்.

உள்ளே அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். வெளியே வந்து மண்வெட்டியை எடுத்துக் கூரைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைச் சீராக்கத் தொடங்கினார். மழைக்காலம் வர நாளிருந்தது. அவருக்கு மனக்கஷ்டம் வந்தால் மண்ணைத்தான் வெட்டுவார்.

“அப்பா, உங்களுக்குப் பிடிக்கலையா?” வீட்டில் நாங்கள் எங்கள் பேச்சில்தான் கதைப்போம்.

“பிடிக்கிறதுக்கென்ன பாப்பா. அவங்க நம்மளக் கால் தூசியாப் பாக்கிறாங்க. நாளைக்கு ஒன்னய அந்த வீட்டுல வச்சு ஒரு வார்த்தை சொன்னா நான் எங்க போயி நிப்பேன்?”

“சொன்னா நான் திருப்பிச் சொல்லுவேன்.”

அவர் மண்வெட்டியை நிறுத்தினார். “அன்னிக்கு நாடகத்துல அந்தப் புள்ள, குண்டு போட்டதுக்கப்பறம் மேல ஏறி நின்னு ஒன்னு சொல்லுச்சே. எல்லாரும் கை தட்டினாங்க. என்ன சொல்லுச்சு?”

நான் சொன்னேன். அந்த அரசன் யார் என்பதையும், அவனுடைய பூட்டன் வள்ளத்தில் வந்ததையும், பெயர் கேட்காமல் விட்ட ஆயரைப் பற்றியும் சொன்னேன். அப்பா நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்தார்.

“ராசாவே மருமக சாமிய உள்ள விட்டிருக்கான்னா நமக்கென்ன வந்துச்சு. ஆனா ஒன்னு பாப்பா. கலியாணத்துல நான் பின்னால போயி நிக்கமாட்டேன். அத இப்பவே அவங்ககிட்டச் சொல்லிரு.”

பங்குச் சுவாமியாரிடம் போனோம். மதம் மாறாமல் கட்டுவதென்றால் ஆயரின் அனுமதி வேண்டும், ஆயர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார், பாதை பூட்டிக் கிடக்கிறது என்றார் அவர். “காத்திருக்க ஏலுமோ?” என்று கேட்டார். ஏலும் என்றோம். மழைக்காலம் வந்து போனது. ஒரு நெல் வெட்டும் முடிந்தது. அதற்கிடையில் ஊர் கதைக்க வேண்டியதையெல்லாம் கதைத்து முடித்தது. சந்தைக்குப் போனால் மீன் விற்கிற பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள். நான் வேண்டுமென்றே அவர்களிடமே போய் நின்று, செவுளைத் திறந்து பார்த்து, விலை பேசி மீன் வாங்குவேன். கடைசியில் ஒருத்தி, “சரியான பெட்டைதான்” என்று மற்றவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அனுமதி வந்தது. கப்பலில் போய்வந்த யாரோ ஒரு சுவாமியார் மூலம் வந்ததாகச் சொன்னார்கள்.

கலியாணம் கிடுகு வேய்ந்த பங்குக் கோயிலில், காலைப் பூசை முடிந்த பிறகு நடந்தது. நான் கூறைச் சேலையோடு, நெற்றியில் திருநீறும் பொட்டும் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்ற ஒரு பெரியவர் அப்பாவிடம் மெதுவாக, “நீங்கள் கடைசி வாங்கில இருங்கோ ஐயா, அங்க காத்து வரும்” என்றார். அப்பா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடுப்பாதையால் நேரே நடந்தார். வேட்டி, தோளில் புதுத் துண்டு, தலையில் வயலுக்குக் கட்டுகிறமாதிரி அல்ல, திருவிழாவுக்குக் கட்டுகிறமாதிரி ஒரு தலைப்பாகை. கோயிலுக்குள் தலைப்பாகையை எடுக்கச் சொல்லி யாரோ முணுமுணுத்தார்கள். அவர் பீடத்துக்கு முன்னால் வந்ததும் தானாகவே அதை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். என்னை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் விட்டார். பிறகு முன் வாங்குக்குப் போனார்.

அங்கே மாப்பிள்ளையின் தாயார் தனியாக இருந்தார். அவாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அப்பா அந்த இடத்தில் இருந்தார். எனக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனாலும் திரும்பிப் பார்த்தேன். அவா எழும்பிப் போகவில்லை. கொஞ்சம் நகர்ந்து, இன்னும் வசதியாக இடம் விட்டிருந்தார். இருவரும் நேரே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எல்லாரும் முழங்காலில் நின்றபோது அப்பா மட்டும் வாங்கிலேயே இருந்தார். அவர் முழங்காலில் நிற்கவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அதன் பிறகும் அவா எங்கள் வீட்டில் கைநனைக்கவில்லை. வருவார். மகனைப் பார்ப்பார். முற்றத்தில் நின்று கதைப்பார். போய்விடுவார். நான் வற்புறுத்தவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வரும்போதெல்லாம் கதிரையைத் துடைத்துப் போட்டேன். மூத்த பிள்ளை பிறந்து, பேர் வைப்பதில் சின்னதாக ஒரு சண்டை வந்து, அது ஓய்ந்த பிறகு ஒருநாள் மத்தியானம் வந்தார். கடல் கொந்தளிப்பு, வள்ளங்கள் இறங்கவில்லை. பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, குசினி வாசலில் பலகையைப் போட்டு இருந்தார். அடுப்பில் பருப்பும் முருங்கைக்காயும் இருந்தன.

“என்ன கறி?” என்று கேட்டார்.

நான் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு, கறி விட்டு, முன்னால் வைத்தேன். அவா சிலுவை அடையாளம் போட்டுவிட்டு ஒரு வாய் எடுத்தார். மென்றார். நிமிர்ந்தார்.

“உப்புக் காணாது.”

உப்புச் சிரட்டையை எடுத்து அவாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தேன். “உங்களுக்கு ஏத்தமாதிரிப் போட்டுக்கொள்ளுங்கோ மாமி” என்றேன்.

அவா போட்டுக்கொண்டார். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.